ஓயாது இயங்கும் வீட்டுக் கணினியைப் பேணல்

இரவு பகலாக வீட்டின் மூலையில் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை நாம் பெரும்பாலும் நினைப்பதேயில்லை. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய படங்களும், மறைந்த பெற்றோரின் குரற்பதிவுகளும், காணி உறுதிகளின் படிகளும் அதனுள்ளேயே உறைகின்றன. ஓயாது உழைப்பதாலேயே அதனை நிறுத்தித் திறந்து பார்க்கும் எண்ணமும் நமக்கு எழுவதில்லை.

கணினி கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 60 உவாற்றில் இயங்கும் பெட்டியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை அலகு மின்னை வெப்பமாக்குகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவன ஒரு சிறு விசிறியும் சில உலோகத் தகடுகளுமே. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்துப் புழுதி அத்தகடுகளின் இடைவெளிகளிற் படிந்து கம்பளி போலாகிவிடும். கரையோர வீடுகளில் உப்பீரமும் சேர்ந்து அதனை இறுக்கும். வெப்பம் 100 பாகை செல்சியசை அண்மிக்கையில் மையச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாமோ, கணினி பழசாகிவிட்டதென்று கருதிப் புதியதற்கு விலை கேட்கப் புறப்படுகின்றோம்! மின்பகுதிரவம் கொண்ட கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்காகும்.

ஆதலின், புழுதி மிகுந்த இடங்களில் மூன்று மாதத்திற்கொரு முறையேனும் கணினியை முறைப்படி நிறுத்தி, செருகியைக் கழற்றி, மூடியைத் திறத்தல் வேண்டும். மென்மையான தூரிகையும் காற்றூதியும் போதுமானவை. ஊதுகையில் விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்க. அன்றேல், அளவிறந்து சுழன்று அச்சுத் தாங்கி பழுதடையும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். செயலியின் மீது பூசிய வெப்பங்கடத்தும் பசை சில ஆண்டுகளில் உலர்ந்துவிடுமாதலால், அதனை அறிந்தவர் கையால் மாற்றுவித்தல் நன்று.

கணினியை நிலத்தில் வையாது மேசைமீது, சுவரினின்றும் ஒரு சாண் தள்ளி வைத்தல் சாலும். மூடிய அலுமாரிக்குள் அடைப்போரும், பூவேலைத் துணி போர்த்துவோரும் உளர். நம் நாட்டில் அதற்குக் குளிரடிப்பதில்லை.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டதை நாம் மறந்திலோம். எழுதப்படும் வேளையில் மின் அறுந்தாற் கோப்புகள் சிதையும். யூ.பி.எஸ். கருவி அவற்றைக் காக்கும். எனினும், அதன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்குமாதலின் இடையிடையே சோதித்தல் வேண்டும்.

எத்துணை பேணினும் வட்டு ஒருநாள் நின்றே போகும். படங்களின் படியொன்று வேறொரு வட்டில், இயலுமாயின் உறவினர் வீடொன்றில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை அப்படியினின்றும் ஒரு குரற்பதிவையேனும் எடுத்துக் கேட்டுப் பார்க்க.