லைப்ரரியை உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா?

2014 ஏப்ரல் 7. குறியாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்த சர்வரின் நினைவகத்திலிருந்து, வெளியாள் ஒருவர் தடவைக்கு 64 கிலோபைட் வரை தடயமில்லாமல் உருவிக்கொள்ளலாம். அதில் ரகசியச் சாவி இருக்கலாம், யாரோ ஒருவரின் கடவுச்சொல் இருக்கலாம்.

டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வினியோகங்கள் திருத்திய பேக்கேஜை உடனே வெளியிட்டன. அந்த மெஷின்களில் வெப் சர்வர், மெயில் சர்வர் எல்லாம் ஒரே ஓப்பன்எஸ்எஸ்எல் கோப்பைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. அதை மாற்றி, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்ததும் ஓட்டை அடைபட்டது. அதே லைப்ரரியைத் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்த மென்பொருளுக்கு அந்தப் பேக்கேஜால் ஒரு பயனும் இல்லை. தயாரித்தவர் மறுபடி பில்ட் செய்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்டாட்டிக்கா, டைனமிக்கா என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும்போது பெரும்பாலும் பைனரியின் அளவையும் வேகத்தையும் மனதில் வைத்தே கேட்கிறார்கள். சி++ மென்பொருளை பில்ட் செய்து, வாடிக்கையாளர் மெஷின்களில் நிறுவி, பிறகு அதைப் பராமரித்தும் வந்த எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: நாளை அந்த லைப்ரரியில் ஒரு திருத்தம் வந்தால், அதை அந்த மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஸ்டாட்டிக் லிங்கிங்கில், லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளின் ஒரு தொகுப்பு. நிரலுக்கு எவை தேவையோ அவற்றை மட்டும் லிங்கர் எடுத்து பைனரிக்குள் நிரந்தரமாக வைத்துவிடும். டைனமிக் லிங்கிங்கில் பைனரிக்குள் லைப்ரரியின் பெயர் மட்டுமே பதிவாகும். நிரல் தொடங்கும்போது லோடர் அந்தப் பெயரைத் தேடிப்பிடித்து நினைவகத்தில் ஏற்றும். பத்து நிரல்கள் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் அதன் குறிமுறைப் பகுதி நினைவகத்தில் ஒரு தடவைதான் இருக்கும். 1980களின் பிற்பகுதியில் சன்ஓஎஸ் போன்ற யூனிக்ஸ்களுக்குப் பகிர்வு லைப்ரரிகள் வந்தபோது இந்தச் சிக்கனம் பெரிய காரணம். இன்றைய சர்வரில் அதற்கு அவ்வளவு எடை கிடையாது.

டைனமிக் லைப்ரரியை அப்டேட் செய்கிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டிஸ்க்கில் கோப்பு மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஓட்டையோ அப்படியே திறந்திருக்கும். லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டி, அழிக்கப்பட்ட லைப்ரரியை எந்தெந்த நிரல் இன்னும் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதை அப்டேட்டின் கடைசிப் படியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே வைத்துக் கட்டியதால் வரும் தொல்லைக்கு அண்மைக்கால உதாரணம் 2023 செப்டம்பரில் வந்தது. வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஆபத்தான பிழை ஒன்று வெளிப்பட்டது. குரோம் உடனே திருத்தம் கொடுத்தது, ஃபயர்ஃபாக்ஸும் கொடுத்தது. ஆனால் எலக்ட்ரான் கட்டமைப்பில் உருவான ஒவ்வொரு செயலியும் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் ஒரு பிரதியைத் தன்னோடு சுமந்துகொண்டிருந்தது. அரட்டைச் செயலி, குறிப்பேட்டுச் செயலி, எடிட்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே புதிய பதிப்பு விட வேண்டியிருந்தது. 2002இல் ஸீலிப் என்ற சுருக்கல் லைப்ரரியில் பிழை வந்தபோதும் நடந்தது இதுவே. அந்தச் சின்ன லைப்ரரியைப் பிரதியெடுத்து உள்ளே வைத்திருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று. லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் ஒரு பிரதி இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் டைனமிக்காக விட்டால் வேறொரு வாசல் வழியாகத் தொல்லை வரும். டெவலப்பரின் மெஷினில் உபுண்டு 22.04. வாடிக்கையாளரிடம் 20.04. பைனரியை அங்கே கொண்டுபோய் ஓட்டினால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் நின்றுவிடும். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, அதுவரை தனியாக இருந்த த்ரெட் லைப்ரரியை முதன்மை லைப்ரரிக்குள் இணைத்தது. அதையொட்டி நிரலைத் தொடங்கிவைக்கும் அடிப்படை ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் வந்தது. ஆகவே ‘ஹலோ வேர்ல்டு’ எழுதி 22.04இல் கம்பைல் செய்தாலும் அது 20.04இல் ஓடாது. 22.04க்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்து, 1.1 பதிப்பு களஞ்சியத்திலிருந்து போனபோதும் பல பழைய நிரல்கள், தேடிய லைப்ரரி இல்லாமல் தொடக்கத்திலேயே நின்றன.

பழைய பைனரி புதிய ஜிலிப்சியில் ஓடும். புதிய பைனரி பழையதில் ஓடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைத்துவிடுகிறது. ஆதரவு கொடுக்க வேண்டியவற்றுள் மிகப் பழைய லினக்ஸ் எதுவோ, அதன் கன்டெய்னருக்குள் பில்ட் செய்ய வேண்டும். பைத்தான் உலகம் இதையே தரமாக்கிக்கொண்டது. ‘மெனிலினக்ஸ்2014’ என்ற அடையாளத்தோடு வரும் பேக்கேஜ்கள் சென்ட்ஓஎஸ் 7இன் ஜிலிப்சி 2.17ஐ அடித்தளமாகக் கொண்டவை. மற்ற லைப்ரரிகளைப் பேக்கேஜுக்குள்ளேயே எடுத்துச் செல்கின்றன. மெஷினோடு வருவதை மெஷினுக்கு விட்டுவிட்டு, மற்றதைத் தானே சுமக்கும் இந்த நடுவழிதான் வாடிக்கையாளர் இடத்துக்குப் போகும் மென்பொருளுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை.

ஜிலிப்சியையும் சேர்த்து முழுக்க ஸ்டாட்டிக்காகக் கட்டிவிட்டால் என்ன என்று உடனே கேட்பார்கள். லிங்கரே அதற்கு ஒரு எச்சரிக்கை கொடுக்கும்; பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். ஹோஸ்ட் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் ஃபங்ஷன், பயனர் விவரம் தேடும் ஃபங்ஷன் போன்றவை ஜிலிப்சியில் இயங்கும்போது வேறு பகிர்வு லைப்ரரிகளை ஏற்றிக்கொள்கின்றன. எந்த ஜிலிப்சியோடு கட்டினீர்களோ அதே பதிப்பு அந்த மெஷினிலும் இருக்க வேண்டும் என்கிறது அந்த எச்சரிக்கை. பைனரி பார்வைக்கு ஸ்டாட்டிக். உள்ளுக்குள் பழைய சார்பு போகவில்லை. சோதனை மெஷினில் நன்றாக ஓடி, வேறு வினியோகத்தில் டிஎன்எஸ் தேடும் இடத்தில் கிராஷ் ஆகும் நிரல்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் மஸல் என்ற சி லைப்ரரி அதற்காகவே கவனமாக எழுதப்பட்டது. ஆல்பைன் லினக்ஸ் நிற்பது அதன்மேல்தான். ரஸ்ட் மொழியிலும் மஸல் டார்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸில் எங்கும் ஓடும் ஒற்றைக் கோப்பு கிடைக்கும். ஆனால் ஜிலிப்சி இருந்த இடத்தில் மஸலை வைத்துவிட்டு சோதிக்காமல் அனுப்பக்கூடாது. த்ரெட்டுக்கு மஸல் ஒதுக்கும் இயல்பான ஸ்டாக் 128 கிலோபைட். லினக்ஸில் ஜிலிப்சியோடு வழக்கமாகக் கிடைப்பது 8 மெகாபைட். ஆழமாக ரிகர்ஷன் செய்யும் நிரல் அங்கே ஓடி இங்கே விழும். 2023 மே மாதம் 1.2.4 வரும்வரை மஸல் பெரிய டிஎன்எஸ் பதில்களை டிசிபி வழியாகக் கேட்டு வாங்காது. த்ரெட்கள் நிறைய இருக்கும் சர்வரில் அதன் மெமரி அலொகேட்டர் தடுமாறும் என்பதால், ஜெமாலக் போன்ற ஒன்றை இணைத்துக்கொள்வது வழக்கம்.

கோ மொழியில் இந்தப் பாடு குறைவு. சி குறிமுறையை அழைக்க உதவும் சிகோவை அணைத்துவிட்டால் டிஎன்எஸ் உட்பட எல்லாமே கோவிலேயே எழுதப்பட்டவை. பைனரியை வெற்றுக் கன்டெய்னரில் போட்டாலும் ஓடும். அந்தச் சுதந்திரமும் லினக்ஸில்தான் முழுமையானது. கோ நிரல் லினக்ஸில் செய்வதுபோலக் கெர்னலை நேரடியாக அழைப்பதை மேக்கில் ஆப்பிள் நிலையான வழியாக ஏற்பதில்லை. 2016இல் மேக்ஓஎஸ் சியெரா வந்தபோது நேரம் கேட்கும் கெர்னல் அழைப்பின் உள்நடை மாறியது. பழைய கோ பதிப்புகளில் கட்டிய நிரல்கள் விழுந்தன. கோ 1.12 முதல் மேக்கில் ஆப்பிளின் சிஸ்டம் லைப்ரரி வழியாகவே போகிறது. கெர்னலும் லைப்ரரியும் ஒரே கையில் இருக்கும் தளத்தில் எல்லை எது என்பதைத் தளத்தின் சொந்தக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

டைனமிக் பக்கத்தின் மிகப் பெரிய எச்சரிக்கை 2024 மார்ச் 29 அன்று வந்தது. போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதில், எக்ஸ்ஸெட் என்ற சுருக்கல் பேக்கேஜின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது வெளிப்பட்டது. எஸ்எஸ்எச் சர்வருக்கும் அந்தச் சுருக்கல் லைப்ரரிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சில வினியோகங்கள், சர்வர் தயார் என்று சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல, ஒரு பேட்ச் போட்டிருந்தன. அது லிப்சிஸ்டம்டியை இழுத்தது, லிப்சிஸ்டம்டி இந்த லைப்ரரியை இழுத்தது. ஊர்த் தொட்டியில் விஷம் கலந்தால் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் தப்ப முடியாது என்பதுபோல, லோடர் ஏற்றிய லைப்ரரி யாருடையதாக இருந்தாலும் அந்த நிரலின் முழு அதிகாரத்தோடுதான் ஓடும். அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அந்தச் சின்னத் தகவலை லிப்சிஸ்டம்டி இல்லாமல் தானே அனுப்பும் குறிமுறையைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு இதில் பிடித்தது அந்தச் சிக்கனம்: ஒரு வேலைக்காகப் பெரிய லைப்ரரியை இழுப்பதற்குமுன், அந்த வேலை உண்மையில் எத்தனை வரி என்று பார்ப்பது.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்ஜிபிஎல் உரிமத்தில் வரும் லைப்ரரியை மூடிய மென்பொருளில் ஸ்டாட்டிக்காகச் சேர்த்தால், வாங்கியவர் அந்த லைப்ரரியை மாற்றித் திரும்ப லிங்க் செய்யும் வழியைத் தர வேண்டும். அதாவது உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது கொடுக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக், க்யூட்டி, ஜிலிப்சி எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. மஸல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. இதை வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் கண்டுபிடிப்பதைவிட டிசைன் நேரத்தில் கேட்டுவிடுவது மேல்.

புத்தகங்கள் அதிகம் பேசாத, ஆனால் நாள்களைத் தின்னும் சில விஷயங்களும் உண்டு. ஸ்டாட்டிக் லைப்ரரிகளின் வரிசை முக்கியம்: பயன்படுத்துவது முன்னால், பயன்படுவது பின்னால். மாற்றிப் போட்டால் எல்லாம் இருந்தும் ‘வரையறை இல்லை’ என்று லிங்கர் நிற்கும். அடுத்தது, தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும் பிளக்இன் வகைக் குறிமுறை. அதன் ஃபங்ஷன்களை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்பதால் லிங்கர் அந்த ஆப்ஜெக்டை எடுக்கவே எடுக்காது. பிழைச் செய்தியும் வராது. பிளக்இன் மட்டும் காணாமல் போயிருக்கும். முழுத் தொகுப்பையும் எடு என்று லிங்கரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இவற்றைவிட மோசமானது, ஒரே ஸ்டாட்டிக் லைப்ரரி இரண்டு பகிர்வு லைப்ரரிகளுக்குள் தனித்தனியே புகுந்துவிடுவது. லாக் எழுதும் லைப்ரரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதியில் லாக் நிலையை மாற்றுவீர்கள். இன்னொரு பிரதி அதை அறியாது. விண்டோஸில் சி ரன்டைமை ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்குள் சேர்த்துக்கொண்டால், ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று விடுவிக்கும்போது ஹீப் சிதையலாம். பிழை எழும் இடமும் வெடிக்கும் இடமும் வெகுதூரம் என்பதால் தேடுவது கடினம். நிலையைத் தாங்கும் லைப்ரரி ஒரு நிரலுக்குள் ஒரே பிரதியாக இருக்கட்டும். அதற்காக அதை டைனமிக்காக வைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. ஒதுக்கியவரே விடுவிப்பது என்ற ஒழுங்கையும் ஏபிஐயிலேயே எழுதிவிடுவது நல்லது.

உள்ளே எதை வைத்தாலும் அதன் பட்டியல் கையில் இருக்க வேண்டும். கோ பைனரியைக் கோ கருவியின் பதிப்புக் கட்டளைக்குக் கொடுத்துக் கேட்டால், எந்த மாட்யூல் எந்தப் பதிப்பில் உள்ளே இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். சி++இல் அந்த வசதி தானாக வராது. நான் பில்டின் கடைசிப் படியில், உள்ளே போன ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு, நாங்கள் போட்ட பேட்ச் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதி, அதை நிரலின் ‘வெர்ஷன்’ வெளியீட்டிலும் சேர்த்துவிடுகிறேன். புதிய ஓட்டை பற்றிய செய்தி வந்து வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால், அவரையே அந்தக் கட்டளையை ஓட்டிப் படித்துக் காட்டச் சொன்னால் போதும். எந்த மெஷினுக்கு முதலில் புதிய பில்ட் போக வேண்டும் என்பது அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும்.