கூண்டு படிக்கும் அப்பா

கேள்வி: என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். கணக்கெடுக்க வந்தவர் அவரை ‘எழுத்தறிவு இல்லாதவர்’ என்று குறித்துக்கொண்டு போனார். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்தே படகை எங்கே கட்டுவது என்று சொல்பவர் அவர். அவருக்கா படிக்கத் தெரியாது?
– வாசகி, ராயபுரம்

பதில்: எழுத்தறிவு பெற்றவர் என்றால் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆகி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. அதன்படி கணக்கெடுக்க வந்தவர் குறித்தது சரி. அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு வாசிப்பே தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புயல் கூண்டு என்பது பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் சொல்லும் செய்தி. 1865-ல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. பட்டம் பெற்ற பலரும் கூண்டு எண் 1 முதல் 11 வரை ஆபத்து படிப்படியாக ஏறுகிறது என்றே நினைக்கிறார்கள். அப்படியல்ல. 5, 6, 7 மூன்றிலும் புயலின் வலிமை ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது புயலின் பாதை. துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கடந்தால் 5, வலப்புறம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலோ அருகிலோ கடந்தால் 7. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறினால் 6. அப்போது காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கடல்நீர் குடியிருப்புக்குள் ஏறும் அபாயம் அதில்தான் கூடுதல். 8, 9, 10 இதே வரிசையில் கடும் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இலக்கணம் உள்ள மொழி இது. அப்பா அதைப் படிக்கிறார். செய்தித்தாள் படிக்கிற பலருக்கு இது வரவில்லை.

படம், ஒலி, சைகை, குறியீடு எல்லாவற்றையும் எழுத்தறிவுக்குள் சேர்க்க வேண்டும் என்று 1996-லேயே ‘நியூ லண்டன் குழு’ என்று அழைக்கப்பட்ட கல்வியாளர்கள் எழுதினார்கள். எனக்கும் அதே கருத்துதான்.

ஆனாலும் அம்மா, தமிழ் எழுத்து அவருக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் அப்பிய கறையைப் பார்த்தே இழப்பைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள். ஆனால் அரசு அலுவலகத்தில் செல்லுபடியாவது எழுதிய மனுதான். அதை அடுத்தவர் எழுத, இவர் கைநாட்டு வைப்பதில் உரிமை நழுவிப்போகும்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுத்தறிவு பெறாத எவருக்குமானது. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்து அப்பாவைச் சேர்த்துவிடுங்கள். கூண்டுகளைப் பற்றி அவர் சொல்வதை நீங்கள் எழுதி, அதே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.