மாரியில் குஞ்சுகளைக் காக்கும் வட்டக் கூடு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடையும் மழையும் வலுக்கும். தாயில்லாக் குஞ்சுகளுக்கு அவ்விரவுக் குளிரே எமனாகும்.

50 குஞ்சுகளுக்குப் பெட்டி வேண்டா. 6 அடி நீளமான பழைய பன்பாய்கள் இரண்டை நீளவாட்டில் மடித்து, நுனிகளைச் சேர்த்துத் தைத்து வட்டமாக நிறுத்துங்கள். ஏறத்தாழ 4 அடி அகலமான கூடு கிடைக்கும். பெட்டியாயின், குளிர்ந்த குஞ்சுகள் மூலையில் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்றேறி மூச்சடைத்து மாளும். வட்டத்தில் அதற்கு இடமில்லை. நிலத்தில் 2 அங்குலம் உலர்ந்த உமி பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு மேலே சாக்கு விரியுங்கள். இல்லையேல் உமியையே தீனியென்று தின்னும்.

நடுவில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 100 உவாற்று இழைக் குமிழைக் கம்பியால் உறுதியாகத் தொங்கவிடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தராது. முதற்கிழமை 95 பாகை பரனைற்று வெப்பம் வேண்டும். பின்பு கிழமைக்கு 5 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாதவர் குஞ்சுகளையே பார்த்தறியலாம். குமிழின் கீழ்க் குவிந்தால் அதனைத் தாழ்த்துக. பாயோரம் ஒதுங்கி வாய் திறந்து இளைத்தால் உயர்த்துக. பரந்து படுத்தால் சரி.

மின்சாரம் தடைப்படும் இரவில் சுடுநீர்ப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தலாகாது. அதன் நச்சுவாயு குஞ்சையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.