சூட்டுக்கு நழுவும் சுருதி

கேள்வி: ஐயா, இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களை வைத்து, ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கில் சிந்தசைசருக்கு அனலாக் ஆசிலேட்டர் கட்டினேன். போர்டில் இரண்டும் ஓர் அங்குலம் தள்ளி நிற்கின்றன. காலையில் சேர்த்த சுருதி மதியத்துக்குள் அரை ஸ்வரத்துக்கும் மேல் பிசகிவிடுகிறது. ஜோடி பொருத்தி விற்கும் விலையுயர்ந்த டிரான்சிஸ்டர் வாங்கினால்தான் தீருமா?

பதில்: வேண்டாம். கையில் இருப்பவையே போதும்.

எந்த இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. அந்த வித்தியாசம் மாறாமல் இருந்தால் டிரிம்மரைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சூட்டோடு சேர்ந்து நகரும் வித்தியாசம்தான் சுருதியைக் கெடுக்கிறது.

அறை வெப்பத்தில் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் கூடினால் கலெக்டர் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஒரு ஸ்தாயி ஏறும். ஆனால் அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. 18-இல் 2 என்பது ஸ்தாயியில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரே டிகிரியில் அரை ஸ்வரம் தாண்டிவிடும். இந்த நகர்வைக் கழிப்பதற்குத்தான் இரண்டாவது டிரான்சிஸ்டர். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் கணக்கு நேராகும். ஓர் அங்குல இடைவெளியில் அது நடக்காது.

தட்டையான முகங்களைத் தெர்மல் பேஸ்ட் தடவி ஒட்டவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் இறுக்குங்கள். பாக்கெட்டில் பத்து இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்து, 2 மில்லிவோல்ட்டுக்குள் நெருங்கும் இரண்டை எடுங்கள். விரல் பட்ட சூடே அளவை மாற்றும் என்பதால், தொட்டபின் சில நிமிடம் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு பிழை மிஞ்சும். ஒரு ஸ்தாயிக்கான அந்த 18 மில்லிவோல்ட்டே டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம் வளர்கிறது. 10 டிகிரி சூடு ஏறினால், ஆதார ஸ்வரத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளிய ஸ்வரம் ஏறக்குறைய 120 சென்ட் விலகும். இதற்கு, சூட்டோடு அதே வீதத்தில் மதிப்பு கூடும் 3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டர் உண்டு. உள்ளே வரும் 1 வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைக்கும் பிரிப்பானில், கிரவுண்டுக்குச் செல்லும் ரெசிஸ்டராக அதைப் போடுங்கள். அதன் உடலும் டிரான்சிஸ்டர் ஜோடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

டைமிங் கெப்பாசிட்டர் சாதாரண செராமிக்காக இருந்தால் மாற்றிவிடுங்கள். சி0ஜி வகையோ பாலிஸ்டைரீனோ நம்பகமானது.

1980-இல் வந்த புரொஃபெட்-5 சிந்தசைசரின் மூன்றாம் வடிவம் சிஇஎம்3340 ஆசிலேட்டர் சிப்பைப் பயன்படுத்தியது. அதில் டிரான்சிஸ்டர்கள் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால் ஒரே சூட்டைப் பகிர்கின்றன. வெப்ப ஈடுகட்டலும் உள்ளேயே இருக்கிறது. ஒட்டிவைப்பதன் மூலம் நீங்கள் செய்யப்போவதும் அந்தப் பகிர்வைத்தான்.

எல்லாம் முடிந்தபின் அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே டிரிம்மரைத் தொடுங்கள். பணம் செலவழிப்பதற்கு முன் அந்த இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்.