தோட்ட வேலிக்கு ஏற்ற பூச்சு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் நமது கிராமங்களின் பள்ளித் தோட்டங்களையும் வீட்டுக் காய்கறித் தோட்டங்களையும் சுற்றிப் பார்ப்போமானால், பச்சை வர்ணம் மங்காத வேலியிலும் இரண்டொரு கம்பங்கள் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். சாய்ந்த கம்பத்தைப் புரட்டினால், மேலே வர்ணம் புதிதாகவே இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய பகுதி மட்டும் இற்றுப்போய், நகத்தால் கிள்ளினாலே உதிரும். அந்த இடைவெளியில் ஓர் இரவு இரண்டு ஆடுகள் நுழைந்தால், மூன்று மாதம் நீர் ஊற்றி வளர்த்த கத்தரியும் வெண்டையும் விடிவதற்குள் போய்விடும். ஆதலால், வேலிக்கு எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில், எதற்காகப் பூசுகிறோம் என்பதை நாம் தெளிந்துகொள்ளுதல் நலம்.

கிளுவை, நொச்சி போன்ற உயிர்வேலிக்குப் பூச்சே வேண்டுவதில்லை. இடமும் பொறுமையும் உடையவர்களுக்கு அதுவே மேலானது. நாம் இங்கே ஆராய்வது சவுக்கு, தைலமரம், சீமைக்கருவேல் முதலிய கம்பங்களை நட்டு, குறுக்குச் சட்டம் அடித்துக் கட்டும் மரவேலியைப் பற்றியதாகும்.

மரத்தை இற்றுப்போகச் செய்வது மழையன்று. ஈரத்தில் வளரும் பூஞ்சைக் காளானே. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவாக ஈரம் இருக்குமட்டும் அது தலையெடுப்பதில்லை. கம்பத்தின் மேற்பகுதி மழையில் நனைந்தாலும் வெயிலில் உலர்ந்துவிடுகிறது. ஆழப் புதைந்த பகுதிக்குக் காற்று போதுவதில்லை. தரைமட்டத்தில்தான் ஈரமும் காற்றும் ஒருங்கே கூடுகின்றன. கரையானும் மண்ணிலிருந்து அவ்வழியேதான் ஏறுகிறது. மரத்திலும் வேற்றுமை உண்டு. வைரம் பாய்ந்த பகுதி தாங்கும். சுற்றிலுமுள்ள வெளிறு எந்த மரத்தினுடையதானாலும் விரைவில் கெடும். இளஞ்சவுக்குக் கம்பம் முழுவதுமே ஏறக்குறைய வெளிறுதான் என்பதை மறக்கலாகாது.

இனி மேற்பகுதிக்குரிய பூச்சைப் பார்ப்போம். கடைகளில் கிடைப்பவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். எனாமல் முதலிய வர்ணங்கள் மரத்தின்மேல் தோல் போலப் படிவன. மரச்சாய எண்ணெய், அதாவது கடைக்காரர் வுட் ஸ்டெயின் என்று கூறுவது, மரத்தினுள் ஊறுவது. மரம் ஈரத்தில் பருத்து, வெயிலில் சுருங்கும் இயல்புடையது. நமது கோடையிலும் மழையிலும் இவ்வசைவு மிகுதி. வர்ணத்தோல் நாளடைவில் இறுகிவிடுவதால், மரத்தோடு கூட அசைய இயலாமல் இணைப்புகளிலும் ஆணித் துளைகளிலும் வெடிக்கின்றது. வெடிப்பு வழியே புகுந்த நீர், தோல் மூடியிருப்பதால் எளிதில் வெளியேறுவதில்லை. அதன் பின்னர் வர்ணம் மரத்தைக் காப்பதற்கு மாறாக ஈரத்தைக் காத்துக் கொண்டிருக்கும்! மறுமுறை பூசுவதற்குப் பழையதைச் சுரண்டியாக வேண்டும். ஊறும் சாயமோ வெடித்து உரிவதில்லை, மங்கும். மங்கியபோது தூசியைத் துடைத்து, மேலே மீண்டும் ஒரு கை பூசினால் போதும். வர்ணத்தைவிட அடிக்கடி பூச வேண்டியிருப்பது இதன் குறையே. எனினும் இழைக்காத சொரசொரப்பான வேலிமரத்திற்கு இதுவே ஏற்றது என்பது நமது கருத்து. இழைத்துச் செய்த வாயிற்கதவுக்கு வர்ணம் பூச விரும்புவோர் பூசலாம்.

நிறமற்ற வார்னிஷை மட்டும் வெளிவேலிக்கு வாங்க வேண்டாம். மரத்தின் மேற்பரப்பைச் சிதைப்பது சூரிய ஒளியாகும். அதனைத் தடுப்பது பூச்சிலுள்ள நிறப்பொடியே. பெரும்பாலான வார்னிஷ்களில் ஒளி ஊடுருவிச் சென்று அடியிலுள்ள மரத்தை நைவித்துவிடுவதால், பூச்சு அப்பளம் போல் கழன்று வரும். சாயத்திலும் வெளிர் நிறத்தைவிட அடர் பழுப்பு நெடுநாள் நிற்கும்.

எண்ணெய் பூசுவோர் எல்லா எண்ணெயும் ஒன்றென எண்ணுதல் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் இயல்புடையது. வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் அவ்வாறு இறுகுவதில்லை. பிசுபிசுத்துத் தூசியை வாங்கும், மழையில் சிறிது சிறிதாகக் கழுவப்பட்டுவிடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அகற்ற வேண்டும்.

குழந்தைகள் நடமாடும் பள்ளித் தோட்டங்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் கூற வேண்டும். முற்காலத்து வர்ணங்களில் ஈயம் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நமது நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று வரையறுத்தன. 2017 நவம்பர் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. ஆகவே டப்பாவின்மேல் ஈயத்தைப் பற்றிய குறிப்பைப் படித்து வாங்குக. பழைய வேலியின் வர்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தல் கூடாது; நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததைத் திரட்டி அப்புறப்படுத்துக. அவ்வேளையில் மாணவர்களை அருகில் விட வேண்டாம்.

கம்பத்தின் அடிப்பகுதிக்கு வருவோம். செலவிலும் உழைப்பிலும் பெரும்பங்கு இங்கேதான் சேர வேண்டும். பலரும் லாரிப் பட்டறையில் கிடைக்கும் கழிவு எண்ணெயைத் தடவுகின்றனர். அதிலுள்ள உலோகங்களும் நச்சுப் பொருள்களும் மண்ணில் இறங்குமாதலால், காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் அதற்கு இடமில்லை. போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த நீர் வீட்டினுள் இருக்கும் மரத்திற்கு மிக நல்லது. மண்ணில் புதையும் கம்பத்திலிருந்தோ ஈரம் அதனைக் கரைத்துக்கொண்டு போய்விடும். 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்பார் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கொண்டு ஒரு மரங்காப்பு மருந்தைக் கண்டார். அது உலகெங்கும் பரவியது நமக்குப் பெருமையே. ஆயினும் அதிலுள்ள ஆர்சனிக்கை முன்னிட்டு, அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கான மரங்களுக்கு அதனைச் செலுத்துவதை 2003 இறுதியோடு நிறுத்திக்கொண்டனர். அம்மருந்து ஏறிய பழைய கம்பம் கிடைத்தால் அடுப்பில் எரிக்கவே கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

எளிதில் கிடைப்பவை தாரும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயும். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி விளைவது யாவரும் அறிந்ததே. அக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் கரிய எண்ணெய் கடலோரத்தில் படகுகளுக்குப் பூசப்பட்டு வந்தது. அது தோலில் பட்டால் கொப்புளிக்கும். கையுறை இன்றித் தொடலாகாது. தார் காளானைக் கொல்வதன்று, நீரைத் தடுப்பது மட்டுமே. ஆகவே பச்சைக் கம்பத்திற்குத் தார் பூசினால் ஈரத்தை உள்ளே சிறை வைத்தவர்களாவோம்.

எதைப் பூசுவதானாலும் கம்பத்தைப் பட்டை உரித்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, நன்கு உலரவிட வேண்டும். மாசி, பங்குனியில் பூசுவது சிறந்தது. ஊறும் எண்ணெயாயின், தூரிகையால் தடவினால் ஒரு நெல்லின் கனம்கூட உள்ளே இறங்குவது அரிது. அடிமுனையை ஒரு பீப்பாயிலுள்ள எண்ணெயில் ஓரிரு நாள் நிறுத்தி வைத்தால், மரத்தின் நாளங்கள் வெட்டுவாய் வழியே நன்கு உறிஞ்சும். புதையும் பகுதி முழுவதற்கும், தரைக்கு மேல் ஓரடி உயரத்திற்கும் பூச்சு இருத்தல் வேண்டும். உச்சியைச் சரிவாக வெட்டி அங்கும் தாராளமாகப் பூசுக. குழியின் அடியில் நான்கு அங்குலம் சரளை இட்டு நட்டு, கம்பத்தைச் சுற்றி மண்ணைச் சற்று மேடாக அணைத்தால் நீர் விலகி ஓடும். துரு ஏறாத நாகப்பூச்சு ஆணிகளையே பயன்படுத்துக.

ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன்னர், சாயம் பூசிய சட்டத்தின்மேல் சில துளி நீர் தெளித்துப் பார்க்கலாம். துளி உருண்டு நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. உடனே ஊறினால் மறுபூச்சுக்குக் காலமாயிற்று. கம்பத்தின் அடியில் மண்ணை நான்கு விரற்கடை விலக்கி ஓர் ஆணியால் குத்தியும் பார்க்க வேண்டும். ஆணி எளிதில் இறங்கும் கம்பத்தை அப்போதே மாற்றிவிடுக. அதன்மேல் புதுப்பூச்சு இடுவதில் பயனில்லை.