சபையின் கணக்கைக் கேட்பது யார்?

எங்கள் ஒழுங்கைக்கு 2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் கொங்கிறீட் வீதி போடப்பட்டது. வாவிக்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள், உம்மா வாசலைக் கூட்டும்போது மணல் பறக்கவில்லை. அந்தச் சந்தோஷம் மாரி மழை வரைக்கும்தான். நவம்பர் மாத இறுதியில், உயர்தரப் பரீட்சையையே சில நாட்கள் ஒத்திவைக்க வைத்த அந்தப் பெருமழையில், முன்னர் மணலில் ஊறிப்போன தண்ணீர் முழுவதும் வீடுகளுக்குள் வந்தது. வீதி உயர்ந்திருந்தது. பக்கத்தில் வடிகான் இல்லை. எங்கள் குசினியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. உம்மம்மாவின் கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தினோம்.

தண்ணீர் வடிவதற்கு முன்பே கதை பரவிவிட்டது. "வடிகான் காசை மெம்பர் சாப்பிட்டுட்டார்." தேநீர்க் கடையில், தையல் வகுப்பில், கலியாண வீட்டுப் பந்தலில், எல்லா இடத்திலும் இதுதான் பேச்சு. அந்த முன்னாள் உறுப்பினரின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். ஒரு கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

அரசறிவியல் பாடத்தில் உள்ளூராட்சி பற்றிய பகுதியை நாங்கள் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தோம். பாடப்புத்தகத்தில் இருந்த சபைக்கும் எங்கள் குசினிக்குள் வந்த தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று தேடத் தொடங்கியதில் பிறந்ததே இக்கட்டுரை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய இரண்டு நகர சபைகள், மீதி ஒன்பதும் பிரதேச சபைகள். பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. நகர சபைகளுக்கான கட்டளைச் சட்டம் 1939இல் பிரித்தானியர் காலத்தில் வந்தது. குப்பை அகற்றுதல், உள்வீதிகள், வடிகான்கள், தெருவிளக்கு, சந்தை, பொது நூலகம், மையவாடி போன்றவை இவற்றின் வேலைகள்.

ஆனால் நம்மில் பலர் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாகவே நினைக்கிறோம். பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். பிரதேச செயலாளரும் கிராம உத்தியோகத்தரும் அரச உத்தியோகத்தர்கள், நாம் வாக்களித்து வந்தவர்கள் அல்லர். சபை நாம் தெரிவு செய்வது. வீதிகளிலும் இப்படியே பிரிவு உண்டு. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது, சில வீதிகள் மாகாணத்துக்குரியவை, ஒழுங்கைகள் சபைக்குரியவை. சபைக்குரிய ஒழுங்கையிலும் வேறொரு நிதியில் வேறொரு அலுவலகம் வேலை செய்யலாம். இந்தக் கடைசி வசனத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஒழுங்கையின் கதையே அதில்தான் இருக்கிறது.

அடுத்து ஓர் இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் தெரிவான சபைகளின் பதவிக்காலம், ஒரு வருட நீடிப்பின் பின் 2023 மார்ச் மாதம் முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணம் இல்லை என்று நின்றுபோனது. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறும் செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதி வாக்களிப்பு நடந்து, ஜூன் மாதம் புதிய சபைகள் தொடங்கின. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேலாகத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. மாநகர சபையில் ஆணையாளரும் மற்றச் சபைகளில் செயலாளரும் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அதற்கு மேலே இருக்கும் கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் கலைந்ததுதான், இன்றுவரை தேர்தல் இல்லை.

எங்கள் வீதி போடப்பட்டது 2024இல். அப்போது எங்கள் ஊரில் பதவியில் இருந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை! ஊரே ஏசிய மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரு தெருவிளக்கைப் போடச் சொல்லும் அதிகாரமும் இருக்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனாலும் கோபம் வந்தபோது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நானும் அந்தக் கதையை வகுப்பில் இன்னொருத்திக்குச் சொன்னவள்தான்.

சரி, யாரிடம் கேட்பது? சபையைப் பற்றி நமக்குச் செய்தி வரும் வழிகளைப் பாருங்கள். முகநூல் பக்கத்தில் படங்கள் வருகின்றன. அடிக்கல் நடும் படம், மண்வெட்டி பிடித்த படம், நாடா வெட்டும் படம். குப்பை வண்டி வராத நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இவை பயனுள்ளவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இவையெல்லாம் சபை நமக்குச் சொல்ல விரும்பியவை. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது வேறாக இருந்தால் அது முகநூலில் வராது. கட்டப்படாத வடிகானை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

கணக்கைப் பார்க்கச் சட்டப்படி ஒருவர் இருக்கிறார். அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின்படி உள்ளூராட்சி மன்றங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கிறார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அந்த அதிகாரத்தை இன்னும் பலப்படுத்தியது. பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் சபைகளை அழைத்து விசாரிக்கலாம். இது மிகவும் அவசியமான வேலை. ஆனால் கணக்காய்வு செலவான பணத்தின் பின்னால் போகிறது. விலைமனு கோரப்பட்டதா, பற்றுச்சீட்டு உண்டா, வேலை முடிந்ததா என்று பார்க்கிறது. எங்கள் வடிகானுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை என்றால் கணக்காய்வாளரின் கண்ணில் அது எப்படிப் படும்? அது இல்லை என்பது தெரிந்தவர்கள் அந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் மட்டுமே. ஆகவே கணக்காய்வு எவ்வளவு நன்றாக நடந்தாலும், குடியிருப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எப்போதும் மிஞ்சியே நிற்கிறது.

சபையின் பணம் நமது பணம் என்பதும் பலருக்குப் புதினமாக இருக்கலாம். சோலைவரி கட்டுகிறோம், கடைக்காரர் அனுமதிப்பத்திரக் கட்டணமும் சந்தை வாடகையும் கட்டுகிறார். இவற்றோடு காணி உறுதிகளின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தினூடாகச் சபைக்கு வந்து சேர்கின்றன. எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்கே எழுதப்படுகிறது. என் ராத்தாவுக்கு வீடு எழுதியபோது வாப்பா கட்டிய முத்திரைத் தீர்வையும் இந்த வழியில் போனதுதான். பெண்களின் பெயரில் உள்ள வீடுகளிலிருந்து வருமானம் வருகிறது, பெண்கள்தான் அந்த வீடுகளில் தண்ணீரை இறைக்கிறார்கள். கேள்வி கேட்கும் இடத்தில் மட்டும் நம்மைக் காணவில்லை. 25 வீதம் பெண்கள் என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. 2015இல் 19ஆவது திருத்தம் இதை 14அ உறுப்புரையாக அடிப்படை உரிமை ஆக்கியது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து மக்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். சுவீடன் 1766இலேயே இப்படியொரு சட்டம் இயற்றியிருக்கிறது என்று வாசித்தபோது வியப்பாக இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது ராஜஸ்தான் கதை. 1994 டிசம்பரில் கொட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு மக்களைக் கூட்டி, வேலைத்திட்டங்களின் கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களும் தங்கள் பெயரைக் காதால் கேட்டுப் பிழை பிடித்தார்கள். அங்கே தொடங்கிய போராட்டம் 2005இல் இந்தியா முழுவதற்குமான சட்டத்தில் போய் முடிந்தது.

நமது சட்டத்தில் "பிரசை" என்றுதான் இருக்கிறது, வயது குறிப்பிடப்படவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. இந்த ஆணைக்குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள். சட்டத்தரணிகள் சங்கம், ஊடக அமைப்புகள், சிவில் அமைப்புகள் முன்மொழிபவர்களும் இதில் அடங்குவதால் எந்தச் சபைக்கும் எந்த அமைச்சுக்கும் இது கட்டுப்பட்டதல்ல. எல்லாவற்றையும் கேட்டுவிடவும் முடியாது. ஒருவரின் தனிப்பட்ட விபரம், நாட்டின் பாதுகாப்பு போன்றவற்றை 5ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. அயலவரின் வீட்டுக் கதையை அறிய இந்தச் சட்டம் உதவாது.

வாப்பா முதலில் விரும்பவில்லை. "எல்லாம் நம்ம ஆக்கள் மகள். நாளைக்கு ஒரு மையத்து வீட்டில் முகம் பார்க்க வேணும்" என்றார். சின்ன ஊரில் இது சின்ன விடயமல்ல என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். நான் வாப்பாவிடம் சொன்னது ஒன்றுதான். கடிதம் எழுதுவது சண்டை என்றால், தேநீர்க் கடையில் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லிக் கள்ளன் என்பது என்ன? வாப்பா அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் தபால் கந்தோருக்கு அவர்தான் போனார், பதிவுத் தபாலில் அனுப்ப.

2025 தொடக்கத்தில் அனுப்பிய முதல் கடிதத்துக்கு மூன்று கிழமையில் பதில் வந்தது. "மேற்படி வீதி எமது நிதியில் அமைக்கப்படவில்லை" என்ற ஒரே வரி, கீழே எந்த அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு. இரண்டாவது கடிதத்தை அந்த அலுவலகத்துக்கு எழுதினேன். இம்முறை கேள்விகளைச் சுருக்கினேன். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, ஒப்பந்தக்காரருக்குச் செலுத்திய தொகை, வடிகான் திட்டத்தில் இருந்ததா. முதல் கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு எங்கள் கஷ்டங்களையெல்லாம் எழுதியிருந்தேன். அது தேவையில்லாத வேலை. கஷ்டத்துக்கு அனுதாபம் வரலாம், ஆவணம் வராது. எந்த ஆவணம் வேண்டும் என்று கேட்டால்தான் ஆவணம் வரும்.

பதில் வரச் சட்டம் சொன்ன நாட்கள் கடந்தன. மேன்முறையீட்டுக் கடிதம் போட்ட பிறகு நான்கு பக்கங்கள் வந்தன. தம்பியும் நானும் மேசன் மாமாவின் அளவு நாடாவால் வீதியை அளந்தோம். நீளமும் அகலமும் மதிப்பீட்டில் இருந்தபடியே இருந்தன. பணம் வீதிக்கே போயிருக்கிறது. வடிகான் அந்த மதிப்பீட்டில் எழுதப்படவே இல்லை. ஒருவரும் எதையும் "சாப்பிடவில்லை". தண்ணீர் எங்கே போகும் என்று வீதியைத் திட்டமிட்டவர்களும் கேட்கவில்லை, வீதி வருகிறது என்ற சந்தோஷத்தில் ஒழுங்கைக்காரர்கள் நாங்களும் கேட்கவில்லை.

இதிலும் சட்டத்தில் ஒரு வழி இருந்திருக்கிறது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களின் விபரத்தை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்கு வீதி பற்றித் தெரிந்தது கல் ஏற்றிய லொறி வந்த அன்றுதான்.

அந்த நான்கு பக்கங்களையும் என் வகுப்புத் தோழியிடம் கொடுத்தேன். அவளது வாப்பா அதைப் பிரதியெடுத்துத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டு அனுப்பினார். ஒட்டினார். சிலர் வாசித்தார்கள். சிலர் இன்னும் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

புதிய சபை வந்த பின் ஒழுங்கையில் உள்ள பெண்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டு, வடிகானை 2026ஆம் ஆண்டின் பாதீட்டில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். பாதீட்டு வரைவும் நிறைவேற்றப்படுவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கிழமை தவணைப் பரீட்சை. உம்மம்மாவின் கட்டிலுக்கடியில் வைத்த கற்களை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.