சொந்த இயங்குதளம்: முதல் 512 பைட்

தம்பி தங்கைகளே, கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கும் முன்னால் ஓடுவது ஒரு குட்டி நிரல். அதை நாமே எழுதலாம். ஆனா, வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் லேப்டாப்பில் நேரடியாகச் சோதிக்காதீங்க. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே, மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, அதிலிருந்த மினிக்ஸ் பகுதியைக் கெடுத்துக்கொண்டவர்.

இதற்குத்தான் கியூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை நடத்தும். அதன் டிஸ்க் வெறும் ஒரு கோப்பு. கெட்டுப்போனா அழித்துவிட்டு வேறொன்று செய்துக்கலாம்.

செய்முறை

1. நாஸ்ம் அசெம்பிளரை நிறுவுங்கள். பழைய பயாஸ் முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட் நினைவகத்தின் 31744-ஆம் முகவரியில் ஏற்றப்படும். நிரலின் முதல் வரியில் இந்த முகவரியைக் குறிப்பிடணும்.
2. ஏஎச் ரெஜிஸ்டரில் 14, ஏஎல்-இல் 65 வைத்து, பயாஸின் 16-ஆம் இன்டரப்டை அழையுங்கள். திரையில் ஆங்கில ‘ஏ’ வரும்.
3. அடுத்து முடிவில்லாத லூப் போடுங்கள். இல்லாவிட்டால் செயலி அடுத்துள்ள குப்பையையும் கட்டளை என்று நினைத்து ஓட்டும்.
4. மீதியைப் பூஜ்ஜியத்தால் நிரப்பி, கடைசி இரண்டு பைட்டில் 85, 170 வையுங்கள். கோப்பை கியூஎமுவுக்கு டிஸ்க்காகக் கொடுங்கள்.

இப்போ அந்த 170-ஐ 0 ஆக்கிப் பாருங்க. பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று சொல்லிவிடும். இந்த இரண்டு பைட்டுதான் அடையாளம்.

பிழை வந்தால்?

பாடம் வளர வளர, நிஜக் கணினி காரணமே சொல்லாமல் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகும். கியூஎமுவில் ரீபூட்டை நிறுத்தி வைத்து, எந்த முகவரியில் எந்தப் பிழை வந்தது என்று பதிவேட்டில் படிக்கலாம். கற்றுக்கொள்வதே அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: கியூஎமு சுத்தமான நினைவகம் தரும். நிஜக் கணினியில் பழைய மதிப்புகள் கிடக்கலாம். அதனால ரெஜிஸ்டர்களுக்கும் மாறிகளுக்கும் தொடக்க மதிப்பை நீங்களே கொடுங்க. பிறகு பயாஸ் முறையுள்ள பழைய கணினி ஒன்றில் யுஎஸ்பி வழியாகச் சோதியுங்கள்.

வீட்டுப்பாடம்

உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் திரையில் வரவையுங்கள். முடிந்ததா? அடுத்து ‘அ’. பயாஸுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. புள்ளி புள்ளியாக நாம்தான் வரைந்து கொடுக்கணும்.